மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் வீட்டுக் கடன் எப்போது முடியும்? எக்ஸெல்லில் நீங்களே பார்க்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் கேட்கும் கேள்வி, "இதை வைத்து வீட்டில் என்ன செய்வது?" என்பதுதான். என் அப்பாவும் அப்படித்தான் கேட்டார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்து மேஜையில் வைத்த கம்ப்யூட்டரில் ஒரு வாரம் சீட்டு விளையாடினார். பிறகு அலுத்துவிட்டது. அந்தச் சமயத்தில் வீட்டுக் கடனுக்கான முதலாண்டு ஸ்டேட்மென்ட் வந்தது. மந்தைவெளியில் ஒரு பழைய பிளாட்டுக்காக நானும் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடன் அது.

ஸ்டேட்மென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா கேட்டார்: "ஏம்ப்பா, ஒரு மாசம்கூடத் தவறாம கட்டியிருக்கோம். மூணு லட்சத்துக்கு மேல போயிருக்கு. அசல் அறுபதாயிரம்கூடக் குறையலையே?"

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். நாள் முழுக்கக் கணக்குப் போடும் புரோகிராம்களோடு இருப்பவன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு எக்ஸெல்லைத் திறந்து நாங்கள் இருவரும் தயாரித்த ஒரு ஷீட்டைத்தான் இங்கே தருகிறேன். அரை மணி நேரம் போதும். உங்கள் வீட்டுக் கடனின் ஜாதகமே அதில் தெரிந்துவிடும்.

எக்ஸெல் இல்லை என்றால் கவலை வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸில் உள்ள கால்க், இன்டர்நெட்டில் இயங்கும் கூகுள் ஷீட்ஸ் ஆகிய இரண்டிலும் இதே பார்முலாக்கள் அப்படியே வேலை செய்யும்.

ஷீட்டைத் தயாரிப்போம்

முதலில் ஒரு விளக்கம். செல் பெயர்களையும் பார்முலாக்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஏ, பி, சி, டி, இ, எப் என்று இருக்கும் இடத்தில் ஆங்கில அகரவரிசையின் முதல் ஆறு எழுத்துகளில் உரியதைத் தட்டுங்கள். பி8 என்றால் இரண்டாவது நெடுவரிசையில், எட்டாவது வரியில் உள்ள கட்டம்.

எங்கள் கடனை ஒட்டியே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். கடன் 30 லட்சம், வட்டி ஆண்டுக்கு 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு, அதாவது 240 மாதம். மாதத் தவணையான இஎம்ஐ 26,035 ரூபாய்.

புதிய ஷீட்டில் ஏ1 முதல் ஏ5 வரை கடன், வட்டி, இஎம்ஐ, கூடுதல், மொத்த வட்டி என்று தலைப்புகளைக் கொடுங்கள். பக்கத்துக் கட்டங்களான பி1-ல் 3000000, பி2-ல் 8.5, பி3-ல் 26035, பி4-ல் இப்போதைக்கு 0 என டைப் செய்திடுங்கள். எண்களுக்கு நடுவில் கமா போட வேண்டாம். சதவீதக் குறியும் வேண்டாம். பி5-ஐக் காலியாக விடுங்கள், பிறகு வருவோம்.

ஏழாவது வரியில் ஏ7 முதல் எப்7 வரை மாதம், தொடக்கப் பாக்கி, வட்டி, அசல், கூடுதல், முடிவுப் பாக்கி என்று தலைப்பிடுங்கள். எட்டாவது வரியில்தான் கணக்கு ஆரம்பம்.

ஏ8-ல்: 1
பி8-ல்: =பி1
சி8-ல்: =பி8*$பி$2/1200
டி8-ல்: =மின்($பி$3-சி8,பி8)
இ8-ல்: =மின்($பி$4,பி8-டி8)
எப்8-ல்: =பி8-டி8-இ8

ஒவ்வொன்றையும் டைப் செய்தவுடன் என்டர் தட்ட மறக்காதீர்கள். மின் என்பது மினிமம் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்து. இரண்டு எண்களில் சிறியதை எடுத்துத் தரும். கடைசி மாதத்தில் பாக்கி 500 ரூபாய்தான் என்றால் இஎம்ஐ முழுவதையும் கழித்து மைனஸில் போய்விடாமல் இது பார்த்துக்கொள்ளும். டாலர் குறி, அந்தக் கட்டத்தின் முகவரியைப் பூட்டி வைக்கிறது. பார்முலாவைக் கீழே காப்பி செய்யும்போது வட்டி விகிதமும் இஎம்ஐயும் நகர்ந்துவிடக் கூடாது, அதற்காகத்தான். 1200 ஏன் என்கிறீர்களா? சதவீதத்துக்கு 100, மாதத்துக்கு 12. பெருக்கினால் 1200.

அடுத்து, ஏ9-ல் =ஏ8+1 என்றும், பி9-ல் =எப்8 என்றும் கொடுங்கள். சி8 முதல் எப்8 வரை மவுஸால் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து, சி9-ல் பேஸ்ட் செய்திடுங்கள். ஒன்பதாவது வரி தயார். இனி ஏ9 முதல் எப்9 வரை தேர்ந்தெடுங்கள். கடைசிக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் தெரியும். கர்சரை அதன் மேல் கொண்டுபோனால் கறுப்புக் கூட்டல் குறியாக மாறும். அழுத்திப் பிடித்து 247-வது வரி வரை இழுத்து விடுங்கள். 240 மாதங்களும் வரிசையாக வந்து நிற்கும். கடைசியாக பி5-ல் =சம்(சி8:சி247) என்று கொடுங்கள். எஸ், யூ, எம் என்ற மூன்று எழுத்து. சி நெடுவரிசையில் உள்ள வட்டி அனைத்தையும் கூட்டிச் சொல்லும்.

கண்ட்ரோல் விசையுடன் எஸ் தட்டி பைலை சேவ் செய்துவிட்டு, நிதானமாகப் பாருங்கள்.

அப்பாவின் கேள்விக்குப் பதில்

எட்டாவது வரியிலேயே விடை இருக்கிறது. முதல் மாதம் நீங்கள் கட்டும் 26,035 ரூபாயில் 21,250 ரூபாய் வட்டி. அசலில் கழிவது 4,785 ரூபாய் மட்டும். 12 மாதம் கழித்துப் பார்த்தால் கட்டியது 3,12,420 ரூபாய், குறைந்தது 60,000 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. அப்பா சொன்னது சரிதான்.

இன்னும் கீழே இறங்கி 67-வது வரிக்கு வாருங்கள். ஐந்து ஆண்டு முடிந்திருக்கும். 15 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய் கட்டியாயிற்று. எப்67-ல் பாக்கி ஏறக்குறைய 26 லட்சத்து 44 ஆயிரம் என்று இருக்கும்! இதில் வங்கி ஏமாற்றுவது எதுவும் இல்லை. பாக்கி அதிகமாக இருக்கும்போது வட்டியும் அதிகம், அவ்வளவுதான். 20 ஆண்டு முடிவில் மொத்த வட்டி, பி5-ல் தெரிவது போல, 32 லட்சத்து 48 ஆயிரம். வாங்கிய கடனைவிட அதிகம்.

இப்போது பி4-ல் 0 இருந்த இடத்தில் 3000 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

எப் நெடுவரிசையில் பூஜ்யம் எங்கே முதலில் வருகிறது என்று தேடுங்கள். 194-வது வரியில், அதாவது 187-வது மாதத்தில். 240 மாதக் கடன் 53 மாதம் முன்னதாகவே முடிந்துவிட்டது. நான்கு ஆண்டு, ஐந்து மாதம். பி5-ல் மொத்த வட்டி 24 லட்சத்து 15 ஆயிரமாக இறங்கியிருக்கும். மிச்சம் 8 லட்சத்து 33 ஆயிரம்.

எப்படி இவ்வளவு? கூடுதலாகக் கட்டும் பணத்தில் வட்டிக்குப் பங்கு கிடையாது. அந்த மாத வட்டியை இஎம்ஐ ஏற்கெனவே தீர்த்துவிட்டது. ஆகவே 3,000 ரூபாயும் நேராக அசலில் போய் விழுகிறது. அடுத்த மாதம் அந்த 3,000 ரூபாய்க்கான வட்டி 21 ரூபாய் 25 காசு குறைகிறது. அதே இஎம்ஐயில் அந்த 21 ரூபாயும் அசலுக்குப் போகிறது. அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். வட்டிக்கு வட்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், இங்கே அது உங்கள் பக்கம் வேலை செய்கிறது.

மயிலாப்பூர்ப் பெரியவர்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. 1872-ல் தொடங்கப்பட்ட மயிலாப்பூர் ஹிந்து பர்மனன்ட் பண்ட் போன்ற நிதிகளைப் பார்த்து வளர்ந்த ஊர். நகைக் கடன் வைத்தால்கூட, "கையில காசு வந்தா வட்டியோட நிக்காதே, அசல்லயும் கொஞ்சம் கட்டு" என்பார்கள். இஎம்ஐ வந்த பிறகு நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

3,000 முடியாது என்றால் 500 போட்டுப் பாருங்கள். 229-வது மாதத்தில் முடியும். 11 மாதம் முன்னதாக, 1 லட்சத்து 82 ஆயிரம் மிச்சம். தி.நகர் உஸ்மான் ரோட்டில் ஒரு சனிக்கிழமை மாலை நடந்துவிட்டு வந்தால் 500 ரூபாய் எங்கே போனதென்றே தெரியாது.

"இப்போது கஷ்டம், ஐந்து வருஷம் போகட்டும், சம்பளம் ஏறிய பிறகு கட்டலாம்" என்று நினைப்பவர்கள் இ8 முதல் இ67 வரை தேர்ந்தெடுத்து டெலிட் விசையைத் தட்டுங்கள். முதல் 60 மாதம் கூடுதல் எதுவும் இல்லை என்று ஆகிவிடும். பி4-ல் 3000 அப்படியே இருக்கட்டும். இப்போது கடன் முடிவது 207-வது மாதத்தில், மிச்சம் 4 லட்சத்து 26 ஆயிரம். ஐந்து ஆண்டு தள்ளிப்போட்டதில் லாபம் பாதியாகிவிட்டது. பிறகு கண்ட்ரோலுடன் இசட் தட்டினால் பழைய நிலை திரும்பும். போனஸ் வந்த மாதத்தில் அந்த வரியின் இ கட்டத்தில் மட்டும் வேறு தொகையை டைப் செய்தும் பார்க்கலாம்.

எட்டு மாதம் காணாமல் போன பணம்

ஷீட்டைப் பார்த்த உற்சாகத்தில் அடுத்த மாதமே நெட் பேங்கிங் மூலம் கடன் கணக்குக்கு 3,000 ரூபாய் அனுப்பத் தொடங்கினேன். கணக்கில் வரவு வைத்ததாக எஸ்எம்எஸ் வந்தது. மாதம் தவறாமல் அனுப்பினேன். அப்பா டைரியில் குறித்துக்கொண்டே வந்தார்.

எட்டு மாதம் கழித்து வந்த ஸ்டேட்மென்ட்டின் பாக்கியை எங்கள் ஷீட்டோடு ஒப்பிட்டபோது இடித்தது. வங்கிகள் நாள் கணக்கில் வட்டி போடுவதால் சில ரூபாய் முன்பின் இருப்பது சகஜம். ஆனால் இங்கே வித்தியாசம் 24,600 ரூபாய்! எட்டு மூவாயிரம் இருபத்து நாலாயிரம். பார்முலாவில்தான் தப்பு என்று முதலில் நினைத்தேன். அப்பா நம்பவில்லை. டைரியை எடுத்துக்கொண்டு என்னையும் கிளைக்கு அழைத்துப் போனார்.

அங்கிருந்த அதிகாரி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பணம் எங்கயும் போகலை சார். அட்வான்ஸா நிக்குது. அடுத்தடுத்த தவணைக்குன்னு சிஸ்டம் எடுத்து வெச்சிருக்கு. அசல்ல கழிக்கணும்னா பார்ட் பேமென்ட்னு லெட்டர் குடுக்கணும்."

"லோன் அக்கவுன்ட்டுக்குத்தானே சார் அனுப்பினோம்?"

"அனுப்பினீங்க. எதுக்குன்னு சொல்லலையே."

அங்கேயே கடிதம் எழுதிக் கொடுத்தோம். 24,000 ரூபாயும் அசலில் கழிந்தது. எட்டு மாத வட்டி, ஏறக்குறைய 600 ரூபாய், போனது போனதுதான். ஷீட் இல்லாமல் இருந்திருந்தால் எத்தனை ஆண்டு கழித்துக் கண்டுபிடித்திருப்போமோ தெரியாது. அதனால்தான், இந்த ஷீட்டின் முக்கியமான பயன் எது என்று என்னைக் கேட்டால், எவ்வளவு மிச்சம் என்று காட்டுவதைவிட வங்கியின் பாக்கியோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவுவதுதான் என்பேன். ஜி என்ற ஏழாவது நெடுவரிசையில் ஸ்டேட்மென்ட்டில் உள்ள பாக்கியை டைப் செய்துகொண்டே வாருங்கள். எப் நெடுவரிசையோடு பெரிதாக வேறுபட்டால் அன்றே விசாரியுங்கள்.

கட்டத் தொடங்கும் முன் வங்கியிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. நெட் பேங்கிங்கில் பகுதி முன்கட்டணம் என்று தனி வசதி இருக்கிறதா? குறைந்தபட்சத் தொகை உண்டா? சில இடங்களில் ஒரு தவணை அளவாவது இருக்க வேண்டும் என்பார்கள். அப்படியென்றால் மாதம் 3,000 ரூபாயை ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டுச் சேர்த்து மொத்தமாகக் கட்டலாம். கட்டிய பிறகு இஎம்ஐயைக் குறைக்கப் போகிறார்களா, காலத்தைக் குறைக்கப் போகிறார்களா? காலத்தைக் குறைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். இஎம்ஐ குறைந்தால் நாம் பார்த்த 8 லட்சம் கிடைக்காது. அசலை எப்போது குறைத்துக்கொள்கிறார்கள், தினமா, மாதமா, ஆண்டு முடிவிலா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும். முன்பு ஆண்டு முடிவில் கழிக்கும் முறை பரவலாக இருந்தது. அத்தகைய பழைய கடன் என்றால் ஏப்ரலில் கட்டியதற்கும் மார்ச்சில் கட்டியதற்கும் பலன் ஒன்றே.

அபராதம் உண்டா?

மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனுக்கு முன்கட்டண அபராதம் வாங்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2012 ஜூனில் உத்தரவிட்டது. 2025 ஜூலையில் வந்த விதிகள், 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு இதை இன்னும் தெளிவாக்கின. தனிநபர் தொழில் அல்லாத தேவைக்கு வாங்கிய மாறும் வட்டிக் கடனை முழுதாகவோ பகுதியாகவோ எப்போது கட்டினாலும் கட்டணம் கிடையாது. நிலையான வட்டியில் வாங்கியவர்கள் மட்டும் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

வட்டி ஏறியபோது என்ன நடந்தது?

2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. இரண்டரை சதவீதம். பலருக்கு இஎம்ஐ மாறவில்லை, அதனால் எதுவும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். மாறியது கடன் காலம்.

ஷீட்டில் பாருங்கள். 7 சதவீதத்தில் 30 லட்சம், இஎம்ஐ 23,259. ஓராண்டு கட்டிய பின் பாக்கி 29,28,632. அப்போது வட்டி ஒரேயடியாக 9.5 ஆகிறது, இஎம்ஐ அதேதான் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு ஷீட்டில் பி1-ல் 2928632, பி2-ல் 9.5, பி3-ல் 23259, பி4-ல் 0 கொடுங்கள். டி8-ல் வருவது 74 ரூபாய்! மாதம் 23,259 கட்டினால் அசலில் 74 ரூபாய் குறைகிறது. இந்தக் கணக்கில் கடன் முடிய 60 ஆண்டுக்கு மேல் ஆகும். அப்பா வயதில் இருப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல.

2023 ஆகஸ்ட் 18-ல் ரிசர்வ் வங்கி இதற்காகவே ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வட்டி மாறும்போது இஎம்ஐயை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் சேர்ந்தா என்று கடன் வாங்கியவரையே கேட்க வேண்டும். இதுவரை பிடித்த அசல், வட்டி, மீதமுள்ள தவணைகள், ஆண்டு வட்டி விகிதம் ஆகியவற்றுடன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டேட்மென்ட் தர வேண்டும். ஜி நெடுவரிசைக்கு வேண்டியது இதுதான். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

2025-ல் வட்டி இறங்கியது. பிப்ரவரியில் 6.25 ஆன ரெப்போ, டிசம்பரில் 5.25-க்கு வந்தது. இப்படி இறங்கும்போது "உங்கள் இஎம்ஐயைக் குறைத்துக்கொள்ளலாம்" என்று கடிதம் வந்தால் அவசரப்படாதீர்கள். பழைய தொகையையே கட்டிக்கொண்டு போனால் அதுவே கூடுதல் கட்டணம் ஆகிவிடும். பழகிய தொகைதான், வலி தெரியாது.

எல்லோருக்கும் இது சரிவருமா?

வராது. கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீத அளவில் வட்டி கட்டிக்கொண்டு, 8.5 சதவீதக் கடனில் கூடுதல் கட்டுவது அர்த்தமில்லாதது. ஆஸ்பத்திரிச் செலவு, வேலை இழப்பு போன்றவற்றுக்குச் சில மாதச் செலவுத் தொகை கையில் இருக்க வேண்டும். அசலில் போட்ட பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்க முடியாது. அந்தப் பயம் உள்ளவர்களுக்காகவே ஸ்டேட் பாங்கின் மேக்ஸ்கெயின் போல ஓவர்டிராப்ட் வகைக் கடன்கள் இருக்கின்றன. அதில் போட்டு வைத்த பணத்துக்கு வட்டி குறையும், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். வட்டி விகிதம் சற்று அதிகமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருமான வரிச் சலுகை போய்விடுமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நாமே குடியிருக்கும் வீட்டுக்கு, பழைய வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான் வட்டிக்குக் கழிவு. நம் உதாரணத்தில் முதலாண்டு வட்டியே இரண்டரை லட்சம். அதற்கு மேற்பட்ட வட்டி எப்படியும் வீண். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது.

கடன் முடியும் நாளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முழுப் பணமும் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்ததென்று நினைக்க வேண்டாம். நம் தமிழ்நாட்டில் கடன் வாங்கும்போது பத்திர ஒப்படைப்பு ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருப்பார்கள். அதை ரத்து செய்யும் ரசீதையும் அங்கேயே பதிய வேண்டும். பதிந்த பிறகு பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைத் தேடி, ரசீது ஏறியிருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தளத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதை அப்பா இப்போதே பழகிக்கொண்டிருக்கிறார். எங்கள் ஷீட்டில் பூஜ்யம் வர இன்னும் நூறு வரிகளுக்கு மேல் இருக்கிறது என்று சொன்னால், "இருக்கட்டும்ப்பா" என்கிறார்.